இரண்டாவது ஒக்லாந்தின் திமிங்கிலங்கள்

ஒக்லாந்து என்னும் பெயர் இந்நாட்டின் வரைபடத்தில் இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, எம்மவர் பலர் குடியேறி வாழும் பெருநகர். மற்றையது, அந்நகரிலிருந்து 1,600 கிலோமீற்றருக்கும் அப்பால், தென்துருவத்தை நோக்கி விரியும் பெருங்கடலில், மனிதர் எவரும் வாழாத ஒரு தீவுக்கூட்டம். நகரில் வாழ்பவரிற் பலர், தம் ஊரின் பெயரைத் தாங்கிய இத்தீவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டதுமில்லை.

பெயர் வந்த கதை சுவையானது. தீவுகளை 1806ஆம் ஆண்டிலே கண்டு பெயர் சூட்டியவர் ஏபிரகாம் பிறிஸ்ரோ என்ற திமிங்கில வேட்டைக் கப்பற் தலைவர். தம் தந்தையாரின் நண்பரான ஒக்லாந்துப் பிரபுவின் பெயரை அவர் இட்டார். நகருக்கு 1840இல் ஆளுநர் ஹொப்சன் இட்டது அப்பிரபுவின் மகன் ஜோர்ஜ் ஈடனின் பட்டப் பெயரை. மகனார் அவ்வேளையில் இந்தியாவின் தலைமை ஆளுநர். அவர் இந்நகரை ஒருபோதும் கண்டவரல்லர். கல்கத்தாவில் நின்ற அவரது வெண்கலச் சிலை, வெள்ளையர் ஆட்சி நீங்கிய பின் அங்கு வேண்டப்படாததாகி, 1969இல் ஒக்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. இந்நகருக்குப் புலம்பெயர்ந்து வந்தவர்களின் பட்டியலில் அவரையும் சேர்க்கலாம் என நாம் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இங்கே நாம் கூறப்போவது தந்தையின் பெயர் கொண்ட தீவுகளைப் பற்றி. அங்கே உறைபனிக் காற்றின் நடுவே நீரில் இறங்கித் திமிங்கிலங்களைப் படம் பிடிப்போரைப் பற்றி.

நியூசிலாந்தின் தென்கோடித் துறைமுகமான புளஃபிலிருந்து 465 கிலோமீற்றர் தெற்கே, ஐம்பதாம் பாகைக்கும் அப்பால் இத்தீவுகள் கிடக்கின்றன. மேற்கிலிருந்து காற்று ஓயாது வீசும். ஆயினும் வடகிழக்கு மூலையிலே, எண்டர்பி என்ற சிறு தீவின் அணைப்பில், போர்ட் றொஸ் எனப்படும் குடா ஒன்று உண்டு. வெளியிலே கடல் கொந்தளிக்கும்போதும் அங்கு நீர் ஓரளவு அடங்கியிருக்கும். மாரிகாலத்தில், குறிப்பாக யூலை, ஓகஸ்ட் மாதங்களில், கன்று ஈனவும் இணை சேரவும் திமிங்கிலங்கள் நூற்றுக்கணக்கில் அக்குடாவில் வந்து கூடுகின்றன. மவோரி மக்கள் இவ்வினத்தைத் தொஹொரா என்பர். நாமும் அப்பெயரையே இங்கு கையாள்வோம்.

முதிர்ந்த தொஹொரா 15 மீற்றர் நீளமும் 60 தொன்னுக்கு மேற்பட்ட நிறையும் கொண்டது. முதுகிலே செட்டை இல்லை. தலையிலும் தாடையிலும் காய்த்துத் தடித்த தோற்றிட்டுகள் உண்டு. அவற்றின் மேல் குடியிருக்கும் நுண்ணிய பேன்களால் அவை வெண்மையாகத் தோன்றும். இத்திட்டுகளின் அமைப்பு ஒரு விலங்கிற்கு இருப்பதுபோல் இன்னொன்றிற்கு இராது. எமது கைரேகை போலவே அதுவும். புகைப்படம் ஒன்று கையிலிருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் 'இது அதே திமிங்கிலம்' என்று அறுதியிட்டுக் கூற முடியும். ஆகவே இவ்வினத்தைப் பொறுத்தவரை புகைப்படம் என்பது அழகுக்காக மட்டும் எடுக்கப்படுவதன்று. அது ஓர் அடையாள அட்டை.

கண்டவர் கொன்ற காலம்

ஆங்கிலேய வேட்டைக்காரர் இதற்கு இட்ட பெயர் 'சரியான திமிங்கிலம்'. எதற்குச் சரியானது? கொல்வதற்கு. மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், கொன்றபின் அமிழாது மிதக்கும், எண்ணெய் ஏராளமாகத் தரும். அந்த எண்ணெய் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் விளக்குகளில் எரிந்தது. வாயிலுள்ள வடிதகடுகள் குடைக் கம்பிகளாகவும், சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைகளாகவும் மாறின.

வேட்டைக்கு முன்னர் நியூசிலாந்துக் கடல்களில் 28,000 முதல் 47,000 வரையான தொஹொராக்கள் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கணிக்கின்றனர். இருபதாம் நூற்றாண்டின் முதற்காற்பகுதியில் கன்று ஈனத்தக்க பெண் திமிங்கிலங்கள் நாற்பதுக்கும் குறைந்துவிட்டன என்பது அவர்களது கணிப்பு. 1935இல் பன்னாட்டு உடன்படிக்கை இவ்வினத்தைக் காத்தது. ஏட்டிலே காத்தது என்று சொல்வது பொருந்தும். 1960களில் சோவியத் கப்பல்கள் தென்கடல்களிலே 3,000க்கும் மேற்பட்ட தொஹொராக்களைக் களவாகக் கொன்றன. அங்கே பொய்க் கணக்குகளே வெளியுலகிற்கு அளிக்கப்பட்டன. சோவியத் ஒன்றியம் உடைந்த பின், 1990களில், அந்நாட்டு விஞ்ஞானிகளே மறைத்து வைத்திருந்த உண்மைக் கணக்குகளை வெளியிட்ட போதுதான் உலகம் இதை அறிந்தது.

நியூசிலாந்தின் பெருநிலத்துக் கரைகளில் 1928 தொடக்கம் 1963 வரை ஒரு தொஹொராவேனும் காணப்பட்டதாகப் பதிவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள்! எஞ்சியவை எங்கே ஒதுங்கியிருந்தன? மனிதர் தங்க முடியாத அந்த ஒக்லாந்துத் தீவுகளில்தான். இதிலே ஒரு முரண் உண்டு. அதே போர்ட் றொஸ் குடாவில்தான், 1849ஆம் ஆண்டு, சார்ள்ஸ் எண்டர்பி என்ற ஆங்கிலேய வணிகர் திமிங்கில வேட்டைக்கென ஒரு குடியேற்றத்தையே நிறுவினார். குளிரும் மழையும் விளையாத மண்ணும் மக்களைத் துரத்த, மூன்றாண்டுகூட நிலைக்காது 1852இல் அது கைவிடப்பட்டது. வேட்டைக்காரரால் வாழ முடியாத இடம் வேட்டையாடப்பட்டதற்குப் புகலிடமாயிற்று.

ஒக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1995 முதல் மாரிகாலத்தில் அங்கு சென்று தொஹொராக்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினர். 2009ஆம் ஆண்டுக்கான கணிப்பு ஏறத்தாழ 2,100. பழைய தொகையோடு ஒப்பிட்டால் இது சொற்பமே. நாற்பது தாய்களோடு ஒப்பிட்டால் பெரிது.

குளிர்நீரில் ஒரு கமரா

திமிங்கிலத்தைக் கடலின் மேலிருந்து படம் பிடிப்பவருக்குக் கிடைப்பது ஒரு கரிய முதுகு, ஒரு மூச்சுத் தூவல், அதிட்டம் இருந்தால் ஒரு வால். முழு உருவமும் தெரிய வேண்டுமானால் நீரில் இறங்க வேண்டும். இறங்குவதுதான் சிக்கல்.

முதலாவது சிக்கல் குளிர். போர்ட் றொஸ் குடாவில் மாரிகால நீரின் வெப்பம் பத்துப் பாகை செல்சியஸிற்கும் குறைவு. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உறிஞ்சிவிடும். நீர் புகாத உலர் உடையும் அதனுள்ளே கம்பளி உடையும் அணிந்தாலும் முகமும் உதடுகளும் மரத்துப்போகும். தடித்த கையுறையினுள் விரல்கள் உணர்விழந்தால் கமராவின் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பதே தெரியாது.

இரண்டாவது வெளிச்சம். நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. சில மீற்றர் ஆழத்திலேயே அது மறைந்து உலகம் நீலமும் பச்சையுமாகிவிடும். வெயில் எட்டிப் பாராத மாரியில், ஐம்பதாம் பாகையில், மேலிருந்து வரும் ஒளியே அற்பம். மின்னொளி பாய்ச்சலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். பயனில்லை. குளிர்க்கடலின் நீர் நுண்ணுயிர்களாலும் துகள்களாலும் நிறைந்தது. பாய்ச்சிய ஒளி அத்துகள்களிற் பட்டுத் திரும்பி, படமெங்கும் பனி பெய்வது போலாகிவிடும். மேலும் 15 மீற்றர் நீள விலங்கு முழுவதையும் ஒளியூட்ட எந்த விளக்காலும் இயலாது.

மூன்றாவது தூரம். நீர் கலங்கியிருக்கையில் பத்து மீற்றருக்கு அப்பால் திமிங்கிலம் ஒரு நிழல் மாத்திரமே. ஆகவே மிக அகன்ற கோணமுடைய வில்லையைப் பூட்டி, கைக்கெட்டும் தூரம் வரை நெருங்க வேண்டும். ஆனால் நெருங்குவது சுழியோடியின் கையில் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரச் சுழியோடியும் வாலை ஒருதரம் அசைத்துவிட்டுச் செல்லும் திமிங்கிலத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது தானாக வர வேண்டும். வருவதற்குக் காத்திருக்க வேண்டும். நாள்கள் கழியும், காற்று படகை வெளியே விடாது, நீர் தெளியாது, பின்னர் ஒரு பிற்பகலில் எல்லாம் கூடிவரும்.

நீருக்கடியில் திமிங்கிலத்தைப் படம் பிடிக்கும் கலை மிகப் பழையதன்று. அதன் இளமைக்காலத்தில் எமது கடலுக்கும் ஒரு பங்குண்டு என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாது விட மனம் வரவில்லை. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, உலக வனவிலங்கு நிதியத்தின் ஆதரவுடன், ஹால் வைற்ஹெட் என்ற ஆய்வாளரின் தலைமையில், 'ரியூலிப்' என்ற சிறு பாய்க்கப்பல் 1982 முதல் 1984 வரை இலங்கைக் கடல்களில் உலாவியது. திருகோணமலையில் ஆழ்கடற் பள்ளம் கரையை ஒட்டியே வருவதால், ஏனைய இடங்களில் நெடுந்தொலைவு சென்று தேட வேண்டிய விந்துத் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் அங்கே கரைக்கு அண்மையிற் காணலாம். ஃபிளிப் நிக்ளின் நீருக்கடியில் எடுத்த படங்களோடு வைற்ஹெட்டின் கட்டுரை 'நாஷனல் ஜியோகிரஃபிக்' இதழில் 1984 டிசெம்பரில் வெளியாயிற்று. அக்காலத்தில் கமராவில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். முடிந்ததும் மேலே வந்து மாற்ற வேண்டும். அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை எமது வாசகருக்கு நாம் கூற வேண்டியதில்லை. உலகம் திருகோணமலைக் கடலின் அடியை வண்ணப் படங்களிற் கண்டு வியந்த வேளையில், அக்கரையிலே வாழ்ந்த எம்மவர் வீடுகளை விட்டு ஓடிக்கொண்டிருந்தனர். கோணேசர் மலைக்கு அப்பால் திமிங்கிலங்கள் உண்டு என்பதை எம்மிற் பலர் வெளிநாட்டுக்கு வந்த பின்னரே, நூலகங்களிற் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுகையில் அறிந்தோம்.

தென்கடலுக்குத் திரும்புவோம். 2007ஆம் ஆண்டு மாரிகாலத்தில் பிரையன் ஸ்கெரி என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், நியூசிலாந்து அரசின் அனுமதியுடன் போர்ட் றொஸ் சென்றார். அதற்கு முன்னர் அவர் வட அத்திலாந்திக் கடலிலே தொஹொராவின் நெருங்கிய உறவினத்தைப் படம் பிடித்திருந்தார். அவ்வினத்தில் இன்று எஞ்சியிருப்பவை நானூறுக்கும் குறைவு. பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை ஒருமுறையாவது மீன்பிடிக் கயிறுகளிற் சிக்கிய வடுக்களைத் தாங்குபவை. மனிதனின் வேட்டைக்குத் தப்பியவை மனிதனின் கயிற்றுக்கும் கப்பலுக்கும் தப்பவில்லை.

ஒக்லாந்துத் தீவுகளில் அவர் கண்டது வேறு. அங்குள்ள தொஹொராக்களிற் பெரும்பாலானவை மனிதனை அதற்கு முன் கண்டிரா. அவை அஞ்சி விலகவில்லை. புதியவர் யாரெனப் பார்க்கத் தாமே வந்தன. ஒன்று நீண்ட நேரம் அவருடன் நீந்தியது. களைத்து அவர் நின்றபோது அதுவும் நின்றது என அவர் பின்னர் மேடைகளிற் கூறியுள்ளார். ஏறத்தாழ இருபது மீற்றர் ஆழத்தில், வெண்மணற் தரையிலே அவரது உதவியாளரான சுழியோடி நிற்க, எதிரே ஒரு மாபெரும் தொஹொரா அவரை முகத்துக்கு முகம் பார்க்கும் படத்தை வாசகரிற் சிலர் பார்த்திருக்கக்கூடும். 2008 ஒக்ரோபர் இதழில் வெளியான அப்படம் உலகைச் சுற்றியது. அதைப் பார்ப்பவரின் கண் முதலில் திமிங்கிலத்திற்குச் செல்லும். பின் அந்தச் சிறிய மனிதனிடம் வந்து நிற்கும். அவன் அசையவில்லை.

அண்மைக் காலத்தில் இப்பணியைத் தொடர்பவர் இந்நாட்டவரான றிச்சார்ட் றொபின்சன். ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் எமா கரோல், றொஷெல் கொன்ஸ்ரன்ரைன் ஆகியோரின் ஆய்வுக் குழு 2020இலிருந்து மீண்டும் தீவுகளுக்குச் செல்லத் தொடங்கிய காலப்பகுதியில் எடுக்கப்பட்ட அவரது படமொன்றுக்கு, இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், 2022இல் கடல் பற்றிய பிரிவின் முதற்பரிசு கிட்டியது. இணைசேரும் இரு தொஹொராக்களின் படம் அது. எம்மைக் கவர்ந்தது அவர் அதை எடுத்த முறை. நீர் கலங்கியிருந்தது. அவர் கமராவை நீண்டதொரு தடியின் நுனியிற் பொருத்தி நீரில் இறக்கிவிட்டுப் படகிலேயே இருந்தார். இரண்டும் கமராவைத் தொடுமளவிற்கு வந்தாலன்றிப் படம் தெளியாது. அவை வந்தன.

அனுமதி யாருக்கு?

கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு எவரும் இறங்கிவிடலாம் என எண்ணவேண்டாம். நியூசிலாந்தின் 1978ஆம் ஆண்டுக் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1992ஆம் ஆண்டின் விதிகளும் கண்டிப்பானவை. திமிங்கிலத்தோடு நீந்துதல் குற்றம். படகு 50 மீற்றருக்குள் நெருங்கலாகாது. 300 மீற்றருக்குள் ஒரே வேளையில் மூன்று படகுகளுக்கு மேல் நிற்கலாகாது. கன்றோடு நிற்கும் தாயிடம் இன்னும் விலகியே நிற்க வேண்டும். மேற்கூறிய கலைஞர்கள் தனி அனுமதி பெற்றே சென்றனர்.

இது சரியா என எமக்குள் ஒரு கேள்வி எழாமலில்லை. நாற்பது தாய்களிலிருந்து மீண்டுவந்த ஓர் இனம் ஒதுங்கிய இறுதி இடத்திலும் மனிதன் கண்ணாடி முகமூடியுடன் போய் நிற்க வேண்டுமா? தாய்த் தொஹொரா அக்குடாவில் இரை உண்பதில்லை. உடலிற் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே கன்றுக்குப் பாலூட்டுகிறது. அதைத் தேவையின்றி அசையச் செய்யும் ஒவ்வொரு நிமிடமும் கன்றின் பங்கிலிருந்து எடுப்பதாகும். ஆயினும் மறைவிலே நடந்த சோவியத் வேட்டையை எண்ணிப் பார்க்கையில், எவரும் பாராத கடலும் பாதுகாப்பானதன்று என்பது தெரிகிறது. சிலர், சில நாள்கள், அனுமதியுடனும் பொறுமையுடனும் செல்லலாம்; உல்லாசப் பயணிகள் கூட்டமாகச் செல்லலாகாது. இதுவே எமது கருத்து.

படம் பிடிக்கச் செல்லாத எம்போன்றோருக்கு எமது ஒக்லாந்தின் வாயிலிலேயே திமிங்கிலங்கள் உண்டு. நகரின் முன்னே விரியும் ஹவுராக்கி வளைகுடாவில் புறூடாத் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. தென்னாபிரிக்காவில் வேட்டை நிலையம் அமைத்த ஒரு நோர்வேக்காரரின் பெயரே இதற்கும் வாய்த்தது. இவற்றின் இடர் வேறுவகை. இவை தம் பொழுதில் பெரும்பகுதியை நீர்மட்டத்தை ஒட்டியே, சரக்குக் கப்பல்களின் அடிப்பாகம் எட்டும் ஆழத்திலேயே கழிக்கின்றன. 2014 வரையான காலத்தில் இறந்து பரிசோதிக்கப்பட்ட 20 உடல்களில் 17, பெரும்பாலும் கப்பல் மோதி இறந்தவை என அறியப்பட்டது. 2013இலே துறைமுகமும் கப்பற் கம்பனிகளும் ஆய்வாளரும் மவோரி மக்களும் கூடிப் பேசி, வளைகுடாவிற் கப்பல்கள் வேகத்தை ஏறத்தாழப் பத்து முடிச்சுகளாகக் குறைப்பதென இணங்கினர். சட்டமில்லை, இணக்கமே. மோதல் மரணங்கள் பெருமளவில் அருகின. எம் வீட்டுக்கு வரும் கொழும்புத் தேயிலையும் பருப்பும் சற்றுத் தாமதித்து வந்திருக்கலாம். எவரும் முறையிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

தாய் காட்டிய வழி

தொஹொரா எங்கே கன்று ஈனும் என்பதைத் தாய்தான் கன்றுக்குக் காட்டுகிறது. பிறந்த முதலாண்டில் தாயோடு சென்று கற்ற வழி அது. பெருநிலத்துக் குடாக்களை அறிந்திருந்த தாய்கள் அனைத்தும் கொல்லப்பட்டபோது, அக்குடாக்கள் பற்றிய நினைவும் அவற்றோடு அழிந்தது. கடல் அங்கேயே இருந்தது; வருவதற்கு வழி தெரிந்தவை இல்லை. முப்பத்தைந்து ஆண்டு வெறுமைக்கு வேட்டை மட்டும் காரணமன்று, மறதியும் காரணம் என ஆய்வாளர் கூறுவது இதனால்தான்.

இப்பொழுது சில திரும்புகின்றன. ஒக்லாந்துத் தீவுகளில் அடையாளம் காணப்பட்ட விலங்குகளே பெருநிலக் கரைகளிலும் வந்து நிற்பதை மரபணு ஒப்பீடு உறுதிசெய்துள்ளது. கோடையில் அவை எங்கே இரை தேடுகின்றன என்பதிலும் வியப்பு காத்திருந்தது. 2020இல் செய்மதிக் கருவி பொருத்தப்பட்டவை, எதிர்பார்த்த திசையை விடுத்து மேற்கே திரும்பி, அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள கடல்களுக்குச் சென்றன.

2018 யூலையில் ஒரு தொஹொரா வெலிங்ரன் துறைமுகத்தினுள்ளே நுழைந்தது. மவோரி மக்களின் புத்தாண்டான மத்தாரிக்கி வாரம் அது. துறைமுகத்தில் பெரும் வாணவேடிக்கைக்கு எல்லாம் ஆயத்தம். மக்கள் வேலைக்குச் செல்வதை மறந்து கரையோரம் கூடினர். கப்பற் சேவைகள் வழிவிட்டு ஓடின. ஊரார் திமிங்கிலத்துக்கும் மத்தாரிக்கி என்றே பெயரிட்டனர். வெடியொலி அதற்கு இடராகலாம் எனக் கூறி மாநகரசபை வாணவேடிக்கையை ஒரு வாரம் ஒத்திவைத்தது. திமிங்கிலம் நாள்கணக்கில் நின்று, தன் போக்கில் வெளியே சென்றது. அதன் பின்னரே வெடிகளைக் கொளுத்தினர்.